எந்த வேலையை முதலில் எடுப்பது? தலைக்கு மேல் வேலை கிடக்கும் நாளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கையில் பதினோரு வேலை இருக்கிறது, நேரமோ நாலைந்துக்குத்தான் காணும். அப்போது எதை எடுக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். எது அதிகம் சத்தம் போடுகிறதோ அதைத்தான். அழுத பிள்ளைக்குத்தானே பால். போன் அடித்தால் போன், மெயில் வந்தால் மெயில், யாராவது மேசைப் பக்கம் வந்து நின்றால் அவர் வேலை. சாயங்காலம் பார்த்தால் நாள் முழுக்க ஓடியிருப்போம், காலையிலிருந்து மனதை உறுத்திய அந்த ஒரு வேலை மட்டும் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

நான் இதில் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். ஒருமுறை காலை முழுக்க உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட மெயில்களைத் தீர்த்துவிட்டு, இன்பாக்ஸ் காலி என்று மிதப்பில் இருந்தேன். ஒன்றை மட்டும் "யோசித்துச் சொல்லலாம்" என்று ஒதுக்கியிருந்தேன். சரி அல்லது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கேள்வி, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று பேர் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. நூறு மெயிலுக்குப் பதில் போட்டதைப் பாராட்ட ஒருவரும் வரவில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. 2018-ல் மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: இரண்டு வேலைகளில் ஒன்றுக்குப் பலன் குறைவு, ஆனால் "அவகாசம் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று ஒரு கெடு ஒட்டியிருக்கிறது, இன்னொன்றுக்குப் பலன் அதிகம், நேரமும் தாராளம். கணக்குப் போட்டால் இரண்டாவதுதான் லாபம். ஆனாலும் கெடு ஒட்டியிருக்கிறது என்பதாலேயே நிறையப் பேர் முதலாவதை எடுத்தார்கள். எப்போதும் பிஸி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களிடம் இந்தச் சாய்வு இன்னும் கூடுதல். ஒரு நல்ல சேதியும் அதில் உண்டு: தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் பலன் கண்ணுக்கு முன்னால் இருந்தால் சாய்வு குறைகிறது.

ஆகவே கீழே வரும் படிகள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: இதை இன்றைக்குச் செய்யாவிட்டால் நஷ்டம் எவ்வளவு, யாருக்கு? இதற்கான பதிலைத் தாளில், வேலைக்குப் பக்கத்திலேயே எழுதிவைப்பதுதான் முழு வித்தையும்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டுங்கள்

தலைக்குள் வைத்துக்கொண்டு வரிசைப்படுத்த யாராலும் முடியாது, அங்கே எது கடைசியாக வந்ததோ அதுதான் பெரிதாகத் தெரியும். பத்து நிமிடம் போதும். ஆபீஸ் வேலை, வீட்டு வேலை என்று தனித்தனித் தாள் வேண்டாம், இரண்டுக்கும் இருப்பது ஒரே ஆள்தானே.

ஒரு நிபந்தனை மட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு செயலாக இருக்க வேண்டும். "இன்சூரன்ஸ்" என்று எழுதினால் அது வேலை இல்லை, வெறும் கவலை. "இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பி அனுப்புவது" என்று எழுதினால்தான் அது எவ்வளவு நேரம் எடுக்கும், எதற்குள் முடிய வேண்டும் என்றெல்லாம் கேட்க முடியும். நிறையப் பேருக்குப் பட்டியல் பலிக்காமல் போவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் கவலைகளை எப்படி வரிசைப்படுத்துவது?

படி 2: சத்தம் போடுவதை ஓரமாக நிறுத்துங்கள்

பெரிய விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் மீட்புக் குழு என்ன செய்யும் தெரியுமா? 1983-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்டார்ட்' என்ற முறையில் முதல் வேலையே, "நடக்க முடிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போங்கள்" என்று சொல்வதுதான். அவர்களுக்குப் பச்சை அட்டை. கத்தலாம், ரத்தம் வழியலாம், கோபத்தில் சட்டையைப் பிடிக்கலாம், ஆனால் எழுந்து நடக்க முடிகிறது என்றால் இப்போதைக்குத் தாங்குவார்கள். குழு நேராகப் போவது அசையாமல் கிடப்பவர்களிடம். மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுகிறதா, நாடி கிடைக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று மட்டும் பார்த்து, ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் செலவழித்து, சிவப்பா மஞ்சளா கறுப்பா என்று அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்வார்கள்.

நம் பட்டியலுக்கும் இதையே செய்யலாம். யார் கேட்டார், எத்தனை தடவை நினைவூட்டினார், எவ்வளவு காட்டமாக எழுதினார் என்பதையெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துவிட்டு, ஒருவருமே கேட்காத வேலைகள் எவை என்று தேடி ஒரு புள்ளி வையுங்கள். அவை எல்லாமே முக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உங்களுக்குப் பின்னால் பெரிய செலவு வைக்கப்போகும் வேலை ஒன்று அதற்குள் பெரும்பாலும் இருக்கும். அப்புறம், இங்கேயே ஒரு வேலைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் யோசிக்காதீர்கள். வரிசைப்படுத்துவதே ஒரு வேலையாகி அதிலேயே காலையைக் கழிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், கலர் கலராகப் பேனா வேறு வைத்திருப்பார்கள்.

படி 3: தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள்

வழிகாட்டியில் கனமான பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அவசரம், முக்கியம் என்று இரண்டு கோடு கிழித்து நாலு கட்டம் போடும் முறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவர் பெயரில் வழங்குவது. 1954 ஆகஸ்டில் எவன்ஸ்டன் நகரத்தில் பேசும்போது, அவசரமான சிக்கல்கள் வேறு, முக்கியமான சிக்கல்கள் வேறு என்ற கருத்தை அவர் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் சொன்னார்; கட்டம் போட்டதெல்லாம் பிறகு வந்தவர்கள். கட்டம் பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் எல்லா வேலையும் 'அவசரமும் முக்கியமும்' கட்டத்துக்குள் போய் அடைந்துவிடும். நம் வேலையை முக்கியமில்லை என்று சொல்ல நமக்கே மனசு வராது.

அதனால் நான் முக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். தள்ளிப்போட்டால் நஷ்டம் எப்படி ஏறும் என்று கேட்கிறேன். அது பொதுவாக நாலு விதத்தில் ஏறும்.

சில வேலைகள் மலை முகடு மாதிரி. கடைசித் தேதி வரை ஒன்றும் ஆகாது, அடுத்த நாள் மொத்தமும் போச்சு. விண்ணப்பம், டெண்டர், தேர்வுக் கட்டணம் எல்லாம் இந்த வகை. இதில் பலர் செய்யும் தப்பு, தேதி தெரிந்ததுமே பதறிப்போய் இன்றைக்கே செய்வது. இருபது நாள் கழித்து வரும் முகட்டுக்கு இன்றைக்கு நஷ்டம் பூஜ்யம். அதற்குரிய நாளைக் குறித்துவைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் குறிக்கும் நாள் கடைசி நாளாக இருக்கக் கூடாது, அன்றைக்குத்தான் சர்வர் படுத்துக்கொள்ளும்.

சில வேலைகள் மீட்டர் வட்டி மாதிரி, ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நஷ்டம். பழுதான சாதனம், அனுப்பாத பில், ஒருவருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் பதில். ஒருநாள் தள்ளினால் ஒருநாள் நஷ்டம், பத்து நாள் தள்ளினால் பத்து நாள். கெடு என்று எதுவும் இல்லாததால் இவை பட்டியலில் கீழேயே கிடக்கும். உண்மையில் ரத்தம் கசிவது இங்கேதான்.

மூன்றாவது வகை, முதலில் ஒன்றுமே தெரியாமல் அப்புறம் திடீரென்று செங்குத்தாக ஏறுவது. பல்லில் லேசான கூச்சம், கூரையில் ஒரு சின்ன ஈரத் திட்டு, பேக்கப் எடுக்காத கணினி, சரியாகப் பேசிக்கொள்ளாமல் இருக்கும் இரண்டு சக ஊழியர்கள். இன்றைக்கு அரை மணி நேர வேலை, ஆறு மாதம் கழித்து ஆறு நாள் வேலை. இந்தப் பிள்ளைகள் அழவே அழாது. படி 2-ல் புள்ளி வைத்தவற்றில் எது இந்த வகை என்று பாருங்கள், இருந்தால் அதற்கு இந்த வாரத்துக்குள் ஓர் இடம் கட்டாயம் உண்டு.

நாலாவது, தள்ளினால் ஒன்றுமே ஆகாதது. சமதரை. போன மாதமும் செய்யவில்லை, யாரும் கேட்கவில்லை, எதுவும் கெட்டுப்போகவில்லை. பட்டியலில் இது எத்தனை இருக்கிறது என்று எண்ணினால் உங்களுக்கே சிரிப்பு வரும். என்னுடையதில் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் முகடு, மீட்டர், செங்குத்து, தரை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். முகடு என்றால் தேதியும். தரை என்று வந்தவற்றை இப்போதே கோடு போட்டு அடியில் தள்ளிவிடுங்கள், அவற்றைப் பற்றி மேலே பேசப்போவதில்லை.

படி 4: இந்த வேலைக்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள்?

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாகவே மறுபடி மறுபடி ரீசெட் ஆகத் தொடங்கியது. காரணம் முன்னுரிமைக் குழப்பம். வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு சின்ன வேலை, முன்னுரிமையில் கடைசி, பொதுவான ஒரு பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டுமே கிடைக்கும் அனுமதி) கையில் வைத்திருக்கும். மிக உயர்ந்த முன்னுரிமை கொண்ட வேலைக்கு அந்தப் பூட்டு தேவை, அதனால் அது காத்திருக்கும். அந்த நேரம் பார்த்து நடுத்தர முன்னுரிமை கொண்ட தகவல் தொடர்பு வேலை வந்து, சின்ன வேலையைவிட நான் பெரியவன் என்று அதை ஓரங்கட்டிவிட்டு நெடுநேரம் ஓடும். சின்னது நகராது, பூட்டு கிடைக்காது, பெரியதும் நகராது. பெரிய வேலை நடக்கவே இல்லையே என்று கண்காணிப்புக் கடிகாரம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பத் தொடங்கும். பூமியிலிருந்து அனுப்பிய திருத்தம் எளிமையானது: பூட்டை யார் வைத்திருக்கிறாரோ, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமை அவருக்கும் வந்துவிட வேண்டும்.

என்னுடைய ஒரு வார்த்தைப் பதில் நடந்துகொண்டது அச்சு அசல் இப்படித்தான். பார்க்க அற்ப வேலை, கையில் பூட்டு.

பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே படித்து, நான் இதை முடித்தால்தான் வேறொருவர் தொடங்க முடியும் என்கிற வேலைகளுக்கு நட்சத்திரம் போடுங்கள். ஒப்புதல், கையெழுத்து, கடவுச்சொல், கேட்ட கோப்பை அனுப்புவது, இந்த மாதிரி. நட்சத்திரம் போட்ட வேலையின் மதிப்பு அதன் சொந்த மதிப்பு இல்லை, பின்னால் நிற்கிற வேலையின் மதிப்பு. இதில் உங்களுக்கு நீங்களே பின்னால் நிற்பதும் சேரும்: நாளைக்கு எழுத வேண்டிய அறிக்கைக்கு ஒருவரிடமிருந்து கணக்கு வர வேண்டும் என்றால், கணக்கைக் கேட்கும் அந்த இரண்டு வரி மெயில்தான் இன்றைக்கு முதல் வேலை, அறிக்கை நாளைக்கு என்றாலும்.

படி 5: நேரத்தைக் கணியுங்கள், அப்புறம் கூட்டுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். எழுதிய உடனே அதை நம்பாதீர்கள்.

1994-ல் ரோஜர் பியூலரும் கூட்டாளிகளும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். கவனியுங்கள், எல்லாம் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது.

எதிர்காலத்தைக் கற்பனை செய்து நேரம் சொன்னால் இப்படித்தான் ஆகும். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டுக்கொள்வது மேல். நினைவில்லை என்றால் நான் சொன்ன கணக்கை ஒன்றரையால் பெருக்கிவிடுகிறேன். முன்பின் செய்யாத வேலை என்றால் இரண்டால்.

படி 6: நஷ்டத்தை நேரத்தால் வகுங்கள்

இப்போது ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண் வேண்டும். நேரம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று, ஒரு மணி நேரம் தாமதமானால் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நீங்களே கொடுக்கும் மதிப்பெண். துல்லியம் தேவையில்லை, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் பொருத்தமாக இருந்தால் சரி.

1956-ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்பவர் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது: வலியை நேரத்தால் வகுத்து, விடை பெரிதாக இருப்பதை முதலில் செய்தால் மொத்த நஷ்டம் மிகக் குறைவாக இருக்கும். கெடு இல்லாத, மீட்டர் ஓடுகிற வேலைகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஓர் உதாரணம். அறிக்கை எழுதுவது 4 மணி நேரம், வலி 8. சக ஊழியரின் வரைவைப் பார்த்துக் கொடுப்பது அரை மணி நேரம், வலி 3. கோப்புகளை ஒழுங்குபடுத்துவது 3 மணி நேரம், வலி 3. வகுத்தால் அறிக்கைக்கு 2, வரைவுக்கு 6, கோப்புக்கு 1. ஆக வரைவு, அறிக்கை, கோப்பு என்ற வரிசை. ஒவ்வொன்றும் முடியும் நேரத்தை அதன் வலியால் பெருக்கிக் கூட்டினால் 1.5, 36, 22.5, மொத்தம் 60. "பெரிய வேலையை முதலில் முடி" என்ற அறிவுரைப்படி அறிக்கையை முன்னால் வைத்து, பின்னால் வரைவு, கோப்பு என்று போனால் 68. மனசுக்கு இதமாக இருக்கிறதே என்று கோப்பில் ஆரம்பித்து, அறிக்கை எழுதி, வரைவைக் கடைசியில் பார்த்தால் 87.5.

வலி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றால் இந்த விதி, சின்ன வேலையை முதலில் முடி என்று ஆகிவிடும். அதனால்தான் குட்டி வேலைகளை முதலில் முடிக்கும் ஆசைக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என் நூறு மெயில்களில் தப்பு அவை சின்னவை என்பதில் இல்லை, பெரும்பாலானவற்றின் வலி பூஜ்யம். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான்.

இதை எல்லா நாளும் கால்குலேட்டர் வைத்துப் போடச் சொல்லவில்லை. ஒரு வாரம் போட்டால் கைக்குப் பழகிவிடும், அப்புறம் கண்ணாலேயே தெரியும்.

படி 7: எப்படிப் போட்டாலும் அடங்கவில்லையா?

நேரங்களைக் கூட்டினால் நாளைவிடப் பட்டியல் நீளமாக இருக்கிறது. வழக்கமான கதைதான். இங்கே நம் இயல்பு, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து எல்லாவற்றையும் கொஞ்சம் தாமதமாக்குவது.

கெடு உள்ள வேலைகளுக்கு இரண்டு பழைய விதிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு விடை தரும். முதலாவது ஜாக்சன் என்பவர் 1955-ல் சொன்னது: கெடு முந்தியதை முந்திச் செய். அப்படிச் செய்தால், மிக மோசமாகத் தாமதமாகும் வேலையின் தாமதம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும். இரண்டாவது 1968-ல் மூர் என்பவர் வெளியிட்டது: கெடு வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு போ, எங்கே கெடு தவறுகிறதோ அங்கே நின்று, அதுவரை அடுக்கியதில் எது நீளமோ அதைத் தூக்கிக் கடைசியில் போடு. இது தாமதமாகும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

நாலு வேலை என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2 மணி நேர வேலை, தொடங்கியதிலிருந்து 3-ம் மணிக்குள் வேண்டும். இரண்டாவது 4 மணி நேரம், 5-ம் மணிக்குள். மூன்றாவது 2 மணி நேரம், 6-க்குள். நாலாவது 2 மணி நேரம், 8-க்குள். கெடு வரிசைப்படி போனால் முதலாவது மட்டும் நேரத்துக்கு முடியும், மற்ற மூன்றும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதம். இரண்டாவதைத் தூக்கிக் கடைசியில் போட்டால் மூன்று வேலை நேரத்துக்கு முடிந்துவிடும், அந்த ஒன்று மட்டும் 5 மணி நேரம் தாமதமாகும்.

எது சரி? அது அந்த இரண்டாவது வேலை யாருடையது என்பதைப் பொறுத்தது. ஐந்து மணி நேரத்தை அவர் தாங்குவார் என்றால் மூர் வழி. அது முகடு வகை என்றால் அதைத் தூக்கிக் கடைசியில் போடக் கூடாது, மற்றவர்களைத்தான் கொஞ்சம் பொறுக்கச் சொல்ல வேண்டும். நான் பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிவிடுவதையே தேர்ந்தெடுக்கிறேன், மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்பதைவிட ஒருவரிடம் முன்கூட்டியே பேசுவது சுலபம்.

விட்டுவிடுவது தோல்வி மாதிரி தோன்றினால் 1969 ஜூலை 20-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கணினித் திரையில் 1202 என்று எச்சரிக்கை வந்தது, பிறகு 1201. கணினிக்கு அளவுக்கு மீறிய வேலை என்று அர்த்தம். அந்தச் சின்னக் கணினி அப்போது செய்தது, தன்னையே மறுதொடக்கம் செய்து, கீழ்மட்ட வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் ஓடவிட்டது. எதை உதற வேண்டும் என்பது பூமியில் இருக்கும்போதே, யாருக்கும் கை நடுங்காத நேரத்தில், முடிவாகியிருந்தது. நீங்களும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள்: இன்றைக்கு நேரம் போதாவிட்டால் எதை முதலில் கைவிடுவேன்? மாலை ஐந்தரை மணிக்கு அந்த முடிவை எடுக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் கைவிடப்படும்.

படி 8: தள்ளியதைச் சொல்லிவிடுங்கள்

குட்டிப் படிதான், ஆனால் இதை விட்டால் மேலே செய்தது அத்தனையும் வீண். "இது வியாழக்கிழமைதான் முடியும், அதற்கு முன் வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. பாதி பேர் "பரவாயில்லை" என்பார்கள், கேட்காமலேயே நாம் அவர்கள் பெயரில் பதறிக்கொண்டிருந்திருப்போம்.

இரண்டு மேலாளர்கள் ஆளுக்கொரு அவசர வேலை கொடுத்திருந்தால் நீங்களே நடுவராக உட்காராதீர்கள். இருவருக்கும் ஒரே செய்தியில், "இரண்டும் சேர்த்து ஒன்பது மணி நேரம், என்னிடம் ஐந்துதான் இருக்கிறது, எதை முதலில் எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். மணிக்கணக்கைச் சொல்வதுதான் இதில் முக்கியம். எண்ணைச் சொல்லாமல் "ரொம்ப வேலை சார்" என்றால், எல்லோருக்கும்தான் வேலை என்று பதில் வரும்.

படி 9: ஒன்றை எடுங்கள், நடுவில் வருவதற்கு ஒரு வாசல் வையுங்கள்

வரிசையில் முதலில் இருப்பதை எடுங்கள், மற்றவற்றை மடித்துவையுங்கள். தாளை எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் கண் அங்கேதான் போகும். எழுதிவைத்த வேலைகள் தலைக்குள் தொந்தரவு செய்யாதா என்றால், 2011-ல் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் செய்த ஆய்வில், முடிக்காத வேலைக்கு எப்போது எப்படிச் செய்வேன் என்று திட்டம் எழுதியவர்களுக்கு அந்த நினைப்பின் குறுக்கீடு தணிந்தது. முடிக்கக்கூட வேண்டியதில்லை, திட்டம் இருந்தாலே போதும். அதனால் மடித்துவைக்கும் முன் இரண்டாவது, மூன்றாவது வேலைக்குப் பக்கத்தில் நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

பத்தரை மணிக்குப் புது வேலை வரும். வராமல் இருக்காது. வந்ததும் கேட்க வேண்டியது: நான் இப்போது செய்துகொண்டிருப்பது முடியும் வரை இது காத்திருந்தால் என்ன ஆகும்? பத்தில் எட்டுத் தடவை ஒன்றும் ஆகாது, தாளின் அடியில் எழுதிவிட்டுத் தொடரலாம். உண்மையிலேயே உடனே போக வேண்டியதாக இருந்தால், எழுவதற்கு முன் முப்பது நொடி செலவழித்து எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். பாதியில் விட்ட வேலையின் மிச்சம் அடுத்த வேலையிலும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டினார். அந்த ஒரு வரி எழுதிவிட்டுப் போனால் ஒட்டல் குறைகிறது என்று பின்னாளில் அவரே கண்டார்.

இன்னும் சில சிக்கல்கள்

இரண்டு வேலை சரிசமமாக நிற்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை? எதையாவது எடுங்கள். சமம் என்று தெரிந்த பிறகும் யோசித்துக்கொண்டிருக்கும் நேரம்தான் இப்போது நஷ்டம். நான் சிறியதை எடுப்பேன்.

வரிசையில் முதலில் இருக்கும் வேலைக்கு மூளை முழுதாக வேண்டும், உங்களுக்கோ இப்போது கண் சொருகுகிறது? அதை நாளைக் காலைக்குக் குறித்துவிட்டு, கீழே இருக்கும் இலகுவான வேலையை எடுங்கள், ஆனால் அது முகடு வகையாக இருந்து தேதி இன்றைக்கு என்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, தாளுக்குத் தாள் நகர்ந்துகொண்டே போகும் அந்த ஒரு வேலை. எல்லோரிடமும் ஒன்று இருக்கும். ஐந்தாவது தடவையாக அதே வரியைப் புதுத் தாளில் எழுதுகிறீர்கள் என்றால், படி 1-க்குத் திரும்பிப் போய் அந்த வரியை மட்டும் மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அது இன்னும் கவலையாகவே எழுதப்பட்டிருக்கும். "வீட்டுப் பத்திரங்களைச் சரிசெய்வது" என்று என் தாளில் பல மாதம் கிடந்தது. அதை "பத்திரங்கள் இருக்கும் பையைப் பரணிலிருந்து இறக்குவது" என்று மாற்றி எழுதினேன். நேரம் ஐந்து நிமிடம், வகை செங்குத்து. அன்றைக்கே பை இறங்கியது, அதற்குள் இருந்த ஒரு காகிதத்தில் தேதி தாண்ட இன்னும் பதினோரு நாள் பாக்கி இருந்தது.